‘எதுக்குத் தொந்தரவு?’ன்னு நினைக்காதீங்க: மருத்துவமனையில் பெரியவர்கள் விழாமல் காப்பது எப்படி?

இரவு 2 மணி. மருத்துவமனை வார்டில் விளக்குகள் பாதி அணைந்திருக்கின்றன. கட்டிலில் 72 வயது அப்பா. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மகன் அசந்து தூங்குகிறார். பகலெல்லாம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துக் கடை என்று அலைந்த களைப்பு.

அப்பாவுக்குச் சிறுநீர் முட்டுகிறது. மகனைப் பார்க்கிறார். “பாவம், இப்பதான் கண்ணசந்தான்.” தூரத்தில் செவிலியர் மேசையைப் பார்க்கிறார். “அந்தப் பொண்ணு வேற ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கு. இதுக்குப் போய் எதுக்குத் தொந்தரவு? பத்தடி தூரம்தானே, நானே போயிட்டு வந்துடறேன்.”

எழுகிறார். தலை கிறுகிறுக்கிறது. கட்டில் கம்பியைப் பிடிக்கிறார். கால் பாயில் சிக்குகிறது.

இது நாம் கற்பனையாகச் சொன்ன காட்சி. ஆனால் ஆஸ்பத்திரியில் உறவினருக்குத் துணை இருந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. காய்ச்சலுக்காகவோ, நெஞ்சு வலிக்காகவோ சேர்ந்த பெரியவர் இடுப்பு எலும்பு முறிந்து, இன்னும் பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேர்வது இப்படித்தான். “வயசாயிடுச்சு, விழுந்துட்டார், என்ன பண்றது?” என்று விதியின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். உண்மையில், இப்படி விழுவதில் பலவற்றைத் தடுக்க முடியும். செவிலியர்கள் அதற்காக என்ன செய்கிறார்கள், உடனிருக்கும் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வீட்டில் நன்றாக நடந்தவர் ஆஸ்பத்திரியில் ஏன் விழுகிறார்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள்.

வீட்டில் பெரியவருக்கு எல்லாம் பழக்கப்பட்ட இடம். இருட்டிலும் கை தானாக ஸ்விட்சைத் தேடிப் போகும். மருத்துவமனையில் கட்டில் உயரம் வேறு, கழிப்பறை இருக்கும் திசை வேறு, தரை வேறு. இதோடு இன்னும் சில காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன:

• எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் தலைசுற்றல் வரலாம், கண் இருட்டலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்தவர்கள், பல நாள் படுத்தே இருந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

• மருந்துகள். தூக்க மாத்திரை நடையைத் தள்ளாட வைக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வைக்கும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

• திடீர்க் குழப்பம். பகலில் தெளிவாகப் பேசியவர் ராத்திரியில் “நான் வீட்டுக்குப் போகணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று எழுந்து நடப்பார். கிருமித்தொற்று, காய்ச்சல், அறுவை சிகிச்சை, தூக்கமின்மை இவற்றால் பெரியவர்களுக்கு இப்படி ஆகலாம். “வயசான குணம்” என்று விட்டுவிடாதீர்கள். இது மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய அறிகுறி.

• கால் பலம் குறைவது. ஆரோக்கியமான முதியவர்களைக்கூட 10 நாள் முழுப் படுக்கையில் வைத்துச் சோதித்தபோது, கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. நோயாளியின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

செவிலியர் கேட்கும் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது

வார்டில் சேர்த்ததும் செவிலியர் சில கேள்விகள் கேட்பார். “இதுக்கு முன்னாடி விழுந்திருக்காரா? எப்படி நடப்பார்?” ஏதோ படிவம் நிரப்பக் கேட்கிறார் என்று அவசரமாகப் பதில் சொல்லிவிடாதீர்கள். விழும் ஆபத்து எவ்வளவு என்று அப்போதுதான் கணக்கிடுகிறார்கள்.

உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படும் கணக்குகளில் ஒன்று ‘மோர்ஸ் அளவுகோல்’. ஜேனிஸ் மோர்ஸ் என்ற செவிலியர் கல்வியாளர் தன் குழுவினரோடு உருவாக்கி, 1989-ல் வெளியிட்டது. இதில் 6 கேள்விகள்தான்:

1. சமீபத்தில், அதாவது 3 மாதத்துக்குள் விழுந்திருக்கிறாரா? ஆம் என்றால் 25.
2. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருக்கிறதா? ஆம் என்றால் 15.
3. எதைப் பிடித்து நடக்கிறார்? கைத்தடி, வாக்கர் என்றால் 15. மேசை, நாற்காலி, கட்டில் என்று கைக்குக் கிடைத்ததைப் பிடித்து நடந்தால் 30.
4. டிரிப்ஸ் ஏறுகிறதா, அல்லது அதற்கான ஊசி கையில் இருக்கிறதா? ஆம் என்றால் 20.
5. நடை எப்படி? பலவீனமான நடைக்கு 10. தள்ளாடும் நடைக்கு 20.
6. தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை மறந்துவிடுகிறாரா? ஆம் என்றால் 15.

மொத்தம் 45-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எல்லை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறலாம்.

நாம் பார்த்த அப்பாவுக்கே போட்டுப் பார்ப்போம். இதுவரை விழுந்ததே இல்லை: 0. காய்ச்சலோடு சர்க்கரையும் இருக்கிறது: 15. டிரிப்ஸ்: 20. காய்ச்சலால் நடை பலவீனம்: 10. கூட்டினால் 45. “எங்கப்பா ஒரு நாளும் விழுந்ததில்ல சிஸ்டர், கம்பு மாதிரி நடப்பார்” என்று நாம் பெருமையாகச் சொல்லும் அதே மனிதர், இன்றைக்கு ஆபத்துப் பட்டியலில் இருக்கிறார். அவர் கட்டிலைப் பிடித்துப் பிடித்து நடந்தால் இன்னும் 30 கூடி 75 ஆகிவிடும்.

மூன்றாவது கேள்வியைக் கவனித்தீர்களா? வாக்கரோடு நடப்பவரைவிட, கிடைத்ததைப் பிடித்து நடப்பவருக்குத்தான் மதிப்பெண் இருமடங்கு. “வாக்கர் வெச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்று கூச்சப்படும் பெரியவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். டிரிப்ஸ் ஸ்டாண்டையோ, சக்கரம் உள்ள மேசையையோ பிடித்தால் அது உருண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

உடல்நிலை மாறும்போது இந்தக் கணக்கும் மாறும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, புது மருந்து தொடங்கிய பிறகு, வார்டு மாற்றிய பிறகு மறுபடி பார்ப்பார்கள். ஆபத்து அதிகம் என்றால் கட்டிலைத் தாழ்த்தி வைப்பது, சக்கரத்தைப் பூட்டுவது, கையில் தனி நிறப் பட்டை கட்டுவது, கழிப்பறைக்கு அருகில் படுக்கை தருவது போன்ற ஏற்பாடுகளைச் செய்வார்கள்.

இதோடு இன்னொரு வேலையும் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை படுக்கை படுக்கையாகப் போய் நான்கு விஷயங்களைக் கேட்பது: வலி இருக்கா? பாத்ரூம் போகணுமா? படுத்திருப்பது வசதியா இருக்கா? தண்ணி, கண்ணாடி, செருப்பு எல்லாம் கைக்கு எட்டுதா? பெரியவர் தனியாக எழுந்திருக்கும் காரணங்கள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். தேவை வருவதற்கு முன்பே கேட்டுவிட்டால், அவர் எழ வேண்டிய அவசியமே குறைகிறது.

உடனிருப்பவர் கையில் இருக்கும் பாதி வேலை

செவிலியர் ஒருவர் ஒரே நேரத்தில் பல நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் கண் இருப்பது ஒரே ஒருவர் மேல். அதனால் உங்கள் பங்கு சின்னதல்ல.

அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் 3 மருத்துவமனைகளில், 14 வார்டுகளில் ஒரு முயற்சி நடந்தது. 37,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. இவருக்கு ஏன் விழும் ஆபத்து, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் செவிலியர், நோயாளி, குடும்பத்தார் மூவரும் சேர்ந்து முடிவு செய்து, படுக்கை அருகிலேயே எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். 2020-ல் வெளியான முடிவுப்படி, விழுவது 15 சதவீதமும், விழுந்து காயப்படுவது 34 சதவீதமும் குறைந்தன. தகவல் செவிலியரின் ஃபைலில் மட்டும் இல்லாமல் குடும்பத்துக்கும் தெரிந்ததுதான் அங்கே முக்கியமான மாற்றம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

சேர்க்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். போன மாதம் குளியலறையில் வழுக்கியது, ராத்திரி எத்தனை முறை சிறுநீருக்கு எழுவார், கண் பார்வை, காது கேட்பது, தூக்க மாத்திரை பழக்கம், மதுப் பழக்கம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. எல்லாவற்றையும் சொல்லுங்கள். “நமக்கு எதுக்கு, கேட்டா சொல்லிக்கலாம்” என்று இருக்காதீர்கள்.

கண்ணாடி, காது கருவி, பல் செட்டைக் கொண்டு வாருங்கள். தொலைந்துவிடும் என்று கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவருகிறோம். பார்வை மங்கலாக இருந்தால் ஈரத் தரை எப்படித் தெரியும்?

கட்டிலைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் பாய், கூடை, தூக்குவாளி, ஃபிளாஸ்க், போன் சார்ஜர் வயர் எதுவும் பெரியவர் இறங்கும் பக்கம் இருக்கக் கூடாது. பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று செவிலியரிடமே கேட்டுவிடுங்கள்.

செருப்பும் துணியும். தேய்ந்த ரப்பர் செருப்பு ஈரத்தில் சறுக்கும். பின்பக்கம் வார் உள்ள, பிடிப்பான செருப்பு நல்லது. வேட்டி, புடவை, நைட்டி தரையில் இழுபடாமல் இருக்கட்டும்.

மூன்று கட்டமாக எழுப்புங்கள். முதலில் கட்டிலில் உட்காரட்டும். கால்களைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் இருக்கட்டும். “தலை சுத்துதா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் பிடித்துக்கொண்டு நிற்க வையுங்கள். அதன் பிறகு நடக்கலாம்.

கழிப்பறையில் தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். கூச்சப்படுபவரிடம், “நான் திரும்பி நின்னுக்கறேன், நீங்க முடிச்சுட்டுக் குரல் கொடுங்க” என்று சொல்லுங்கள். மரியாதையும் காப்பாற்றப்படும், இடுப்பும் காப்பாற்றப்படும்.

நீங்கள் வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். டீ குடிக்கவோ, மருந்து வாங்கவோ போகும் அந்தப் பத்து நிமிடம் முக்கியமானது. “சிஸ்டர், நான் கீழே போறேன். அப்பா தனியா இருக்கார், கொஞ்சம் பார்த்துக்கங்க” என்று ஒரு வார்த்தை. ஆள் மாறும்போதும் அப்படித்தான். பகலில் இருந்த அண்ணன் இரவில் வரும் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெரியவரிடம் நீங்களே பேசுவது. “அப்பா, நீங்க என்னை எழுப்பினா எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. எழுப்பாம போய் விழுந்தாத்தான் எனக்குக் கஷ்டம்.” இதை ஒருமுறை சொன்னால் போதாது. ஒவ்வொரு ராத்திரியும் தூங்கும் முன் சொல்லுங்கள்.

கட்டிப் போடுவது தீர்வல்ல

“ராத்திரி எழுந்து எழுந்து போறார் சிஸ்டர், கையைக் கட்டிடுங்களேன்” என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் கட்டிப் போட்டால் பயமும் குழப்பமும் கூடும். விடுவித்துக்கொள்ளப் போராடும்போதே காயம் ஏற்படலாம். கட்டிலின் பக்கக் கம்பியும் அப்படித்தான். தெளிவாக இருப்பவருக்கு அது உதவும். குழம்பியிருப்பவர் அதன் மேல் ஏறித் தாண்டப் பார்த்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். யாருக்கு ஏற்ற வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைச் செவிலியர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஏற்றி இறக்க வேண்டாம்.

விழுந்துவிடுவாரோ என்று நாள் முழுக்கப் படுக்கையிலேயே வைத்திருப்பதும் தவறு. கால் பலம் போய்விட்டால் அடுத்த வாரம் நிச்சயம் தள்ளாடுவார். மருத்துவர் அனுமதித்தால், துணையோடு தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள்.

விழுந்துவிட்டால்?

பதறிப்போய்ச் சட்டென்று தூக்கி உட்கார வைக்காதீர்கள். நாம் எல்லோரும் செய்யும் தவறு இது. எலும்பு முறிந்திருந்தால் தூக்கும்போது பாதிப்பு கூடும். அப்படியே இருக்கவிட்டு, குரல் கொடுத்துச் செவிலியரைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டதா, எங்கே வலி, எப்படி விழுந்தார் என்பதைச் சொல்லுங்கள்.

“ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்” என்று அவர் சொன்னாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைக்குள் ரத்தக் கசிவு இருந்தால், அறிகுறி மெதுவாகத்தான் தெரியக்கூடும். வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழறல், தலைவலி எது வந்தாலும் உடனே சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்வதுதான் பாதுகாப்பு

பல குடும்பங்களில் அட்டெண்டர் அசந்த நேரத்தில் பெரியவர் விழுந்திருப்பார். “அண்ணன் திட்டுவான்” என்று தம்பி மறைப்பார். “பிள்ளைங்க திட்டுவாங்க” என்று பெரியவரே மறைப்பார். மருத்துவமனைப் பணியாளருக்கும் அதே பயம் இருக்கலாம்: “எழுதி வெச்சா என் மேல நடவடிக்கை வருமோ?” இப்படி எல்லோரும் மறைத்தால் என்ன ஆகும்? அதே கழிப்பறை வாசலில், அதே ஈரத்தில், நாளைக்கு வேறொரு அம்மா விழுவார்.

நோயாளர் பாதுகாப்புக் கலாச்சாரம் என்று மருத்துவத் துறையில் சொல்வது, இந்தப் பயத்தைப் போக்குவதைத்தான். ஒருவர் விழுந்தால் முதல் கேள்வி “யார் தப்பு?” என்பதல்ல. “எது காரணம்?” என்பதுதான். தரை ஏன் ஈரமாக இருந்தது? துடைக்கும் நேரம் சரியா? பல்பு எரிந்ததா? தூக்க மாத்திரை அவசியமா? ஆபத்து அதிகம் என்பது இரவுப் பணிக்கு வந்த செவிலியருக்குச் சொல்லப்பட்டதா? வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தவரை விட்டுவிடுவது என்று இதற்குப் பொருளல்ல. நேர்மையாக நடந்ததைச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் பொருள்.

விழப்போய்த் தப்பித்ததும் சொல்ல வேண்டிய செய்தியே. “நல்லவேளை, பிடிச்சுட்டேன்” என்று நாம் மறந்துவிடுகிறோம். காயமே இல்லாமல் கிடைத்த எச்சரிக்கை அது.

இந்திய அரசு வெளியிட்ட தேசிய நோயாளர் பாதுகாப்புச் செயலாக்கத் திட்டத்திலும் (2018–2025) இப்படிப்பட்ட நிகழ்வுகளைப் பதிவு செய்து கற்றுக்கொள்வது இடம்பெற்றுள்ளது. 2019 முதல் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2023-ல் அதன் கருப்பொருளே, பாதுகாப்பில் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் பங்கேற்கச் செய்வதுதான்.

எனவே தரை ஈரமாக இருந்தால், கைப்பிடி ஆடினால், பல்பு எரியாவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், “சிஸ்டர், அங்கே வழுக்குது, யாராவது விழுந்துடப் போறாங்க” என்று சொன்னாலே போதும்.

உங்கள் ஸ்மார்ட்போன் இங்கே எப்படி உதவும்?

• வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து வைத்து, சேர்க்கும்போதே காட்டுங்கள்.
• இரவில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய அலாரம் வையுங்கள். அப்பாவே எழும் முன் நீங்கள் கேட்டுவிடலாம்.
• கழிப்பறைக்குப் போகும்போது டார்ச் போடுங்கள். அப்போது போன் பேசவோ, வீடியோ பார்க்கவோ வேண்டாம். ஒரு கை பெரியவரைப் பிடிக்க வேண்டும்.
• குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அட்டெண்டர் முறையையும், “தனியா எழ விடக் கூடாது” என்ற குறிப்பையும் போட்டு வையுங்கள்.
• வார்டில் மற்ற நோயாளிகளைப் படமோ வீடியோவோ எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த மாத்திரை தலைசுற்ற வைக்கும்? எவ்வளவு நடக்கலாம்? வாக்கர் வேண்டுமா? வீட்டில் கழிப்பறையில் கைப்பிடி, படுக்கையிலிருந்து அதுவரை இரவு விளக்கு, வழுக்காத தரை இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் போனில் சேமித்துக்கொள்ள:
108 – அவசர ஆம்புலன்ஸ்
104 – மருத்துவ ஆலோசனை, சுகாதாரத் தகவல்
14567 – முதியோர் உதவி எண்
1100 – முதலமைச்சரின் உதவி மையம்

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும்போது, ராத்திரி விளக்கு அணைக்கும் முன் அப்பாவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “எத்தனை மணியானாலும் சரி, எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்கப்பா.”